அயனம்பாக்கம்: ஊரும் பெயரும்

அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே, பேரேரி ஒன்றைத் தழுவிக் கிடக்கும் ஊர் அயனம்பாக்கம். வயல்கள் மனைகளாகிவிட்ட இந்நாளில், பழமையின் எச்சமாக எஞ்சியிருப்பவை அவ்வேரியும் ஊரின் பெயருமே எனலாம்.

பெயரின் பிற்பகுதியில் ஐயமில்லை. 'பாக்கம்' நெய்தல் நிலத்து ஊரைக் குறித்த பழஞ்சொல். புகார் நகரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாகக் காட்டுவார் இளங்கோவடிகள். தொண்டை நாட்டில் இச்சொல் கடற்கரையைக் கடந்து உள்நாட்டு ஏரிக்கரைகளிலும் குடியேறிற்று. நடுவில் நிற்கும் 'அம்' சாரியையாகலாம்; பவணந்தி முனிவர் நன்னூலில் பொதுச்சாரியைகளுள் ஒன்றாக வைத்தது அது. புளி என்பதும் காய் என்பதும் சேர்ந்து புளியங்காய் ஆவது போன்றதே இது.

இடர்ப்பாடு முற்பகுதியில்தான். 'அயம்' என்பதற்கு நீர், குளம் என்னும் பொருள்கள் உண்டு. ஏரியை நோக்க இது கவர்ச்சியான விளக்கமே. ஆயினும் னகரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடையில்லை. வருவாய்த்துறை வழக்கில் 'அயன்' என்பது இனாமும் ஜமீனும் அல்லாத, அரசுக்கு நேரே தீர்வை செலுத்தும் நிலம். நெல்லைச் சீமையில் ஜமீன் சிங்கம்பட்டிக்கு இணையாக அயன் சிங்கம்பட்டி இருப்பது இதனாலேயே. ஆனால் அங்கு 'அயன்' வெறும் அடைமொழி. அதை நீக்கினாலும் ஊருக்குப் பெயர் இருக்கும். இங்கோ, நீக்கினால் பாக்கம் மட்டுமே மிஞ்சும்.

ஆகவே, பிறப்பிலி எனப் பொருள்படும் 'அஜன்' என்ற வடசொல்லின் தமிழ் வடிவமாகிய அயன், அதாவது நான்முகன் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இங்குத்தான் சமணர் சற்று நிதானிக்க வேண்டும். சிலப்பதிகார நாடுகாண் காதையில் சாரணர் அருகனைச் சயம்பு என்றும் சதுமுகன் என்றும் போற்றுகின்றனர். அதனைக் கொண்டு, அயனும் அருகனே, ஊரும் சமணர் ஊரே என்று முடித்துவிட ஆவல் எழும். புழலில் ஆதிநாதர் கோயில் இன்றும் உள்ளது; மயிலையில் விளங்கிய நேமிநாதர் பெயராலேயே குணவீர பண்டிதர் நேமிநாதம் இயற்றினார். இந்நாட்டில் சமணம் தழைத்திருந்தது என்பதற்கு இவை போதும். அயனம்பாக்கத்திற்கோ பெயரொற்றுமை மட்டும் சான்றாகாது. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் 'பள்ளிச்சந்தம்' என்று குறிக்கும். அவ்வொரு சொல் இவ்வூர்க் கல்லில் கிடைத்தால், அது சான்று.

பழங்கோயில் கற்கள் பிற்காலத்தில் ஏரி மதகுக்கும் கலங்கலுக்கும் படிக்கட்டுக்கும் பயன்பட்டமை தமிழகத்தில் புதிதன்று. மண் கொட்டி மேடாக்குமுன், அத்தகைய கற்களின் மறுபக்கத்தை ஊரார் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலம்.