ஸ்லாட்டின் கணக்கு: போஸ்ட்கிரெஸ் நகலாக்க நினைவகப் புள்ளிவிவரங்களைப் பதிவதும் அழிப்பதும்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் லாஜிக்கல் ரெப்ளிகேஷனில், அனுப்பும் முனை ஒரு பரிவர்த்தனையின் மாற்றங்களை அது கமிட் ஆகும்வரை நினைவகத்தில் சேர்த்து வைக்கிறது. மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் வால் (WAL) பதிவேட்டில் பல பரிவர்த்தனைகளின் மாற்றங்கள் கலந்து கிடப்பதால் இப்படிப் பிரித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. சேர்ந்தது எல்லை கடந்தால் வட்டில் எழுதப்படும். 12ஆம் பதிப்புவரை அந்த எல்லை, ஒரு பரிவர்த்தனைக்கு 4096 மாற்றங்கள் என்று நிரலிலேயே பொதிந்திருந்தது. 13ஆம் பதிப்பில் லாஜிக்கல்_டிகோடிங்_ஒர்க்_மெம் என்னும் அமைப்பு வந்தது. அதன் இயல்பளவு 64 மெகாபைட். அளவை மாற்றும் உரிமை நிர்வாகியின் கைக்கு வந்தபின், எதைப் பார்த்து மாற்றுவது என்பதற்கும் விடை தேவைப்பட்டது. எத்தனை பரிவர்த்தனைகள் வட்டுக்குப் போயின, எத்தனை தடவை, எத்தனை பைட் என்ற மூன்று எண்கள் அப்படித்தான் வந்தன.

இவற்றை எங்கே வைப்பது என்பதில் முதல் முடிவு பிழையாக அமைந்தது. 13ஆம் பதிப்பின் உருவாக்கத்தின்போது பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன் காட்சியில் இவை சேர்க்கப்பட்டன. 2020இல், வெளியீட்டுக்கு முன்பே, நீக்கப்பட்டன. அந்தக் காட்சியின் ஒவ்வொரு வரியும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வால்சென்டரை, அதாவது மாற்றங்களை அனுப்பும் செயல்முறையை, குறிக்கும். இணைப்பு அறுந்தால் வரி மறையும், அதனோடு கணக்கும் போகும். எஸ்கியூஎல் செயற்கூறுகள் வழியே மாற்றங்களைப் படிப்பவர்களுக்கு வால்சென்டரே இல்லை. அவர்களுடைய வேலை அங்கே பதிவாகவே வழியில்லை. இணைப்புகள் வந்துபோகும், எதுவரை படிக்கப்பட்டது என்பதைக் குறித்துவைக்கும் ஸ்லாட் நிலைத்திருக்கும். ஆகவே கணக்கு ஸ்லாட்டுக்கே உரியது. 2021இல் வந்த 14ஆம் பதிப்பு, பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் என்ற தனிக் காட்சியைத் தந்து இதைச் சரிசெய்தது.

இந்த எண்களைப் படிப்பதில் ஓர் இடறல் உண்டு. நடைமுறையில் அதிகம் கவனிக்கப்படாதது. வட்டுக்குப் போன பரிவர்த்தனைகளின் எண்ணிக்கையில் உள்பரிவர்த்தனைகளும் சேரும். அதே காட்சியிலுள்ள மொத்தப் பரிவர்த்தனை எண்ணிக்கையோ மேல்நிலைப் பரிவர்த்தனைகளை மட்டுமே கொள்ளும், அதுவும் வெளியீட்டுப் பிளக்கினுக்கு அனுப்பப்பட்டவற்றை மட்டும். வட்டுக்குப் போனபின் ரோல்பேக் ஆனது முதல் கணக்கில் ஏறும், இரண்டாவதில் ஏறாது. இணைப்பு அறுந்து பழைய இடத்திலிருந்து மீண்டும் படிக்க நேர்ந்தால், அதே பெரிய பரிவர்த்தனை மறுபடியும் வட்டுக்குப் போய் மறுபடியும் எண்ணப்படலாம். எனவே ஒன்றை மற்றொன்றால் வகுத்துச் சதவீதம் சொல்வது தவறு. இந்த எண்கள் அளப்பது செய்யப்பட்ட வேலையை. நினைவகத்தையும் வட்டையும் திட்டமிடுபவருக்கு வேண்டியதும் அதுவே. எண்ணிக்கையைத் திருத்தி இந்த இரட்டிப்பை நீக்கக் கோருவதை நான் ஏற்கவில்லை.

அழிப்பது இதைவிடச் சிக்கலானது. பிஜி_ஸ்டாட்_ரீசெட்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட் செயற்கூறுக்கு ஸ்லாட்டின் பெயரைத் தந்தால் அதன் கணக்கு மட்டும் பூஜ்யமாகும். நல் (NULL) மதிப்பைத் தந்தால் எல்லா ஸ்லாட்டுகளுடையதும். எண்கள் பொதுச்சொத்து. ஒரு நிர்வாகி தம் சோதனைக்காக அழித்தால், இரு நேரங்களின் அளவுகளைக் கழித்துப் பார்க்கும் கண்காணிப்புக் கருவிக்கு எதிர்மறை எண் கிடைக்கும். கடைசியாக எப்போது அழிக்கப்பட்டது என்று சொல்லும் ஸ்டாட்ஸ்_ரீசெட் நெடுவரிசை இல்லாவிட்டால் காரணமே விளங்காது. அந்த நேரமுத்திரை இந்த வடிவமைப்பின் உயிர்நாடி என்பேன். சோதனை செய்பவரும் தொடக்க அளவைக் குறித்துவைத்துக் கழித்துக்கொள்ளலாம், அழிக்கத் தேவையில்லை.

யாரும் கேட்காமலே அழியும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஸ்லாட்டை நீக்கி அதே பெயரில் மீண்டும் உருவாக்கினால் கணக்கு புதிதாகத் தொடங்க வேண்டும். 14ஆம் பதிப்பில் புள்ளிவிவரச் செய்திகள் யூடிபி வழியே புள்ளிவிவரச் சேகரிப்பாளருக்குப் போயின; நீக்கச் செய்தி வழியில் தொலைந்தால் பழைய பதிவு எஞ்சியிருக்கும். 15ஆம் பதிப்பு பகிர்நினைவகத்துக்கு மாறியதால் அந்த ஐயம் போயிற்று. சர்வர் திடீரென விழுந்து மீளும்போது மட்டும், ஸ்லாட் பிழைத்தும் அதன் புள்ளிவிவரம் கைவிடப்படுகிறது.

இன்னும் ஒரு குறை இருக்கிறது. லாஜிக்கல்_டிகோடிங்_ஒர்க்_மெம் அமைப்பை ஒவ்வோர் இணைப்பும் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்த அளவின்கீழ் வட்டுக்குத் தள்ளல் நடந்தது என்பதைக் காட்சி சொல்வதில்லை. 64 மெகாபைட்டில் சேர்ந்ததும் 256இல் சேர்ந்ததும் ஒரே கூட்டுத்தொகையில் கலந்துவிடுகின்றன. அழிக்கும் வழிகளைப் பெருக்குவதற்கு முன், கடைசித் தள்ளலின்போது நடப்பிலிருந்த எல்லையை ஸ்லாட்டின் வரியிலேயே ஒரு நெடுவரிசையாகச் சேர்க்க வேண்டும்.