தீவு வேலியில் பிறந்த பன்னீர் ரோஜா

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் பக்கம் மாலை கட்டுபவர்கள் சம்பங்கிக்கு இடையில் வைத்துக் கட்டும் இளஞ்சிவப்புப் பூ பன்னீர் ரோஜா. கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே இதழ் உதிர்ந்துவிடும். ஆனாலும் மணம் விரலை விட்டுப் போகாது. நீளக் காம்பு ரோஜாக்கள் ஓசூர்ப் பக்கமிருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்கியும், உதிரியாக எடை போட்டு விற்கும் இந்தப் பூவை மாலைக்காரர்கள் கைவிடவில்லை. அவர்கள் செய்வது சரி என்பதே என் எண்ணம்.

இது நம் பழைய பூ அல்ல. குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் ரோஜா இல்லை. தோட்டக்கலைத் துறையினர் இதை எட்வர்ட் ரோஜா என்பார்கள். தாவரவியல் பெயர் ரோசா பூர்போனியானா. இப்போது ரீயூனியன் எனப்படும் பூர்போன் தீவுதான் இதன் பிறந்த ஊர்.

அந்தப் பிறப்பின் கதையை இங்கிலாந்திலிருந்து தொடங்கலாம். அங்கே ரோஜா அரச சின்னம். 1455 முதல் 1485 வரை நடந்த அரியணைச் சண்டைக்குப் பின்னால் வந்தவர்கள் ரோஜாப் போர் என்றே பெயர் வைத்தார்கள். யார்க் குலத்துக்கு வெள்ளை, லங்காஸ்டருக்குச் சிவப்பு. வென்ற ஏழாம் ஹென்றி இரண்டையும் சேர்த்துத் தன் சின்னமாக்கினார். ஆனால் அந்த நாட்டுத் தோட்டங்களில் அப்போதிருந்த பெரும்பாலான ரோஜாக்கள் கோடையில் சில வாரம் பூத்து ஓய்ந்துவிடும். திரும்பத் திரும்பப் பூக்கும் குணத்தைக் கொடுத்தது சீனத்து ரோஜா. 1790களில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் அது லண்டன் போனது. சில செடிகள் கல்கத்தா வழியாகப் போயின.

அதே சீன ரோஜா பூர்போன் தீவுக்கும் வந்திருந்தது. அங்கே நிலத்துக்கு வேலியாக ரோஜாவை நெருக்கி நடுவார்கள். சீன ரோஜாவும் ஆண்டில் இருமுறை பூக்கும் டமாஸ்க் ரோஜாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எதுவார் பெரிஷோன் என்பவரின் நிலத்தில், யாரும் திட்டமிடாமல், இரண்டும் கலந்து ஒரு செடி முளைத்தது. 1817இல் தீவின் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று வந்த நிக்கோலா பிரெயோன் அதை அடையாளம் கண்டார். 1819இல் பாரிஸுக்கு அருகே நெய்யியில், ஓர்லேயான் பிரபுவின் தோட்டக்காரர் ழாக்கிடம் அதன் விதைகள் போய்ச் சேர்ந்தன. அவற்றிலிருந்து கிளைத்த பூர்போன் ரோஜாக்கள் விக்டோரியா காலத்து ஆங்கிலத் தோட்டங்களை நிறைத்தன. பூச்சாடிகளில் நிற்கும் இன்றைய நீளக் காம்பு ரோஜாக்களின் வம்சத்திலும் பூர்போன் கலந்திருக்கிறது. ஆங்கிலேயர் பெருமைப்படும் பூவுக்கும் நம் மாலைப் பூவுக்கும் ஒரே பூர்விகம்.

1848இல் அடிமை முறை ஒழிந்தபின் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அந்தத் தீவுக்கும் நமக்கும் பூ மட்டும் உறவல்ல.

மறுபடி வில்லியனூருக்கு வந்தால், அங்குள்ள லூர்து மாதா சொரூபம் 1877இல் பிரான்சிலிருந்து வந்தது. 1858இல் லூர்தில் பெர்னதெத் கண்ட காட்சியில் மாதாவின் ஒவ்வொரு பாதத்திலும் ஒரு மஞ்சள் ரோஜா இருந்ததாம். கோயில், மாதா கோயில் இரண்டுக்கும் ரோஜா மாலை போகிற ஊர் இது.

இனி இதை வளர்ப்பது பற்றி. புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் ஏரித் தண்ணீர் நெல்லுக்கு. ரோஜாவுக்கு வாசலோரம் ஒரு தொட்டி கிடைத்தால் அதிகம். கடையில் வாங்கும் ஒட்டு ரோஜா பட்டுப்போய், ஒட்டுக்குக் கீழிருந்து வேறு துளிர் வந்தால், சில நேரம் அது எட்வர்டாகவே இருக்கும். சில நாற்றங்கால்களில் வேர்ச்செடியாக வைப்பது அதைத்தான். பன்னீர் ரோஜா வளர்க்கத் தனிச் செடி வாங்கக்கூட வேண்டாம். அது இருக்கிற வீட்டில் கேட்டு, பென்சில் கனத்தில் முற்றிய குச்சி ஒன்றை வெட்டி நடுங்கள். தண்ணீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.