கல்லில் ஒடுங்கிய இராவணனும் கோணமலை இராவணனும்

கைலையைப் பெயர்க்க முயலும் இராவணனின் உருவத்தைத் தக்கணத்துச் சிற்பிகள் பலகாலும் கல்லில் வடித்துள்ளனர். இவற்றுள் விரிவானது, 8ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தே பாறையைக் குடைந்து ஆக்கப்பெற்ற எல்லோராக் கைலாசநாதர் கோயிலில் உள்ளது. அடியில், இருண்ட குழிவினுள், பல கைகளால் இராவணன் மலையை அசைக்கின்றான். மேலே உமை அஞ்சி இறைவனைப் பற்றுகின்றாள். சேடி ஒருத்தி ஓடுகின்றாள். சிவனோ கலங்காது அமர்ந்திருக்கின்றான். மேல், கீழ் என்னும் இவ்வமைப்பே சிற்பத்தின் பொருளாகும். பேரரசர் எடுப்பித்த கோயிலொன்றில், மீறி எழுந்தவன் அடியில் நசுங்கும் காட்சி விரும்பிச் செதுக்கப்பட்டமை வியப்பன்று. சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் இராவணன் செருக்கழிந்ததைப் பாடும் மரபும் ஈண்டு நோக்கற்பாலது. கோணமலைப் பதிகமும் அதற்கு விலக்கன்று.

ஆயின் திருகோணமலை மக்களிடை வழங்கும் ஐதீகத்தில் இராவணன் முற்றிலும் வேறானவன். நோயுற்ற தாயின் வழிபாட்டுக்காகக் கோணமலைப் பாறையையே பெயர்க்க வாளால் வெட்டினான் என்பர். கடலை நோக்கிய செங்குத்துப் பாறையின் பிளவுக்கு 'இராவணன் வெட்டு' என்று பெயர். அவன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றத் தோன்றியனவே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பதும் அக்கதையின் தொடர்ச்சி. தம் இறந்தோர்க்குக் கடன் கழிக்க அங்கே சென்ற மக்கள், அவனைத் தண்டிக்கப்பட்ட அரக்கனாக அன்றி, துயருற்ற மகனாகவே கண்டனர் எனலாம். அரசவைச் சிற்பம் சொல்லாததை ஊர்வாய் சொல்லிற்று.

பிளவைக் காட்டி இராவணனின் காலத்தைக் கணிக்கப் புகுவாரும் உளர். அது வரலாறாகாது. பிளவு இயற்கையின் ஆக்கம். கதையே மனிதரின் ஆக்கம்.

வரலாற்றுக்கு வேண்டிய கற்கள் வேறிடத்தில் உள்ளன. 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே துறைமுகக் கோட்டையைக் கட்டுவித்தான். பிற்காலத்து ஆங்கிலேயர் அதற்குப் பிரெடரிக் கோட்டை எனப் பெயரிட்டனர். சோடகங்கன் என்பவனின் வருகையை 1223ஆம் ஆண்டுக்குரியதாகக் குறிக்கும் வடமொழிச் சாசனம் பொறித்த நிலைக்கல் அக்கோட்டையிலேயே கிடைத்தது. 1950இல் அயலிலே கிணறு தோண்டியபோது செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் சுழியோடிக் கடலடியிலே தூண்களைக் கண்டனர்.

கடலுக்குள் வீழ்ந்தவை பற்றி நூல் எழுந்தது. சுவருள் புதைந்தவை பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். கோட்டை இன்றும் படையினரின் பாசறையாக இருப்பது அதற்கு ஒரு காரணம். புதிதாகக் கட்டப்பெற்று 1963இல் குடமுழுக்குக் கண்ட கோயிலுக்குச் செல்வோர் யாவரும் அக்கோட்டை வாயிலினூடாகவே செல்கின்றனர். வாயிற் கல்லில் பாண்டியரின் இணைக்கயல் இன்னும் தெரிகின்றது.