ஐந்து முறை உலக சாம்பியன்: ஆனந்தின் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

'விஸ்வநாதன் ஆனந்த் ஐந்து முறை உலக சாம்பியன்' என்ற வரியை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். ஆனால் அந்த ஐந்தும் ஒரே மாதிரி வெற்றி இல்லை.

1993-ல் காஸ்பரோவும் நைஜல் ஷார்ட்டும் ஃபிடேவை விட்டு வெளியேற, பட்டம் இரண்டாக உடைந்தது. 2000-ல் டெஹ்ரானில் ஷிரோவை 3.5-0.5 என்று வீழ்த்தி ஆனந்த் வென்றது ஃபிடே பட்டம், நாக்-அவுட் முறையில். சில வாரங்களுக்கு முன்புதான் லண்டனில் காஸ்பரோவைத் தோற்கடித்து இன்னொரு பக்கத்தின் சாம்பியன் ஆகியிருந்தார் கிராம்னிக். அப்போ நிஜமான சாம்பியன் யாரு? அந்தக் கேள்வி ஆனந்தை ஏழு வருஷம் துரத்தியது.

2006-ல் பட்டம் ஒன்றானது. 2007-ல் மெக்சிகோ சிட்டியில் எட்டு பேர் ஆடிய தொடரில் ஒரு ஆட்டம்கூட தோற்காமல் ஆனந்த் ஜெயித்தார். அதுக்கும் 'நேருக்கு நேர் மேட்ச் ஆடி ஜெயிக்கலையே' என்றார்கள்.

பதில் 2008-ல் பான் நகரத்தில் வந்தது. எதிரில் கிராம்னிக். வழக்கமாக ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை நகர்த்தி ஆரம்பிக்கும் ஆனந்த், ராணி பக்கத்துச் சிப்பாயை நகர்த்தினார். கருப்புக் காய்களுடன் இரண்டு ஆட்டங்களை வென்று, 6.5-4.5 என்று முடித்தார். என் பார்வையில் ஐந்தில் இதுதான் பெரியது.

2010-ல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் ரத்தாக, ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சோஃபியாவுக்குச் சுமார் 40 மணி நேரம் சாலைவழியே போனார். டோபலோவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தைக் கருப்பில் வென்று பட்டத்தைத் தக்கவைத்தார். 2012-ல் கெல்ஃபாண்டை வென்றது ரேபிட் டைபிரேக்கில்.

நாக்-அவுட், தொடர், மேட்ச் என மூன்று முறையிலும் உலகப் பட்டம் வென்றவர் அவர் ஒருவர்தான்.

இன்னொரு எண்ணையும் பாருங்க: 37. 1986-லிருந்து 2023 செப்டம்பர் வரை, அத்தனை வருஷம் இந்தியாவின் நம்பர் 1 ஆனந்த்தான். அந்த இடத்தைப் பிடித்தவர் குகேஷ். 2020-ல் ஆனந்த் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் பிரக்ஞானந்தா, திருச்சூரின் நிஹால் சரினோடு சேர்ந்து வளர்ந்தவர். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

2013-ல் சென்னையில் கார்ல்சனிடம் ஆனந்த் பட்டத்தை இழந்தபோது, பார்வையாளர் வரிசையில் இருந்த ஏழு வயதுப் பையன்களில் குகேஷும் ஒருவர்.