14 யூனிட்டும் நல்ல குணமும்

பெண் ஒன்பதாம் வகுப்பு. அமெரிக்காவில் போய்ப் படிக்க வேண்டும் என்று ஒரு ஆசை. சரி, விசாரித்து வைப்போமே என்று ஒரு ஆலோசகரிடம் போனோம். மும்பையில் இப்போது பேட்டைக்கு ஒருவர் இருக்கிறார். மனுஷர் ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்தார். நாலு வருடத்துக்கு என்னென்ன பாடம் என்று ஒரு பக்கம். அதற்குப் பக்கத்தில் 'ஆக்டிவிடி' என்று பத்து கட்டம்.

பெண் ஏழு வருடமாக வீணை கற்றுக்கொள்கிறாள் என்றேன். சங்கீதம் எல்லோரும் போடுகிறார்கள், ஒரு என்.ஜி.ஓ. ஆரம்பித்தால் எடுபடும் என்றார். 14 வயதுப் பெண் என்.ஜி.ஓ. ஆரம்பிக்க வேண்டுமாம்! வீட்டம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மார்க் வாங்கினால் சீட், வாங்காவிட்டால் இல்லை. இது நமக்குத் தெரிந்த கணக்கு. அந்த ஊர்க்காரர்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்று குடைந்துகொண்டே இருந்தது. நான் பி.காம். ஆசாமி, சரித்திரம் நமக்குப் பாடமில்லை. ஆனாலும் இரண்டு மாதம் தோண்டியதில் கிடைத்ததைச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் அவர்களும் நம்மைப் போலத்தான். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகப் பரீட்சை வைத்தது. கிரேக்கம், லத்தீன், கணக்கு. எந்தக் கல்லூரிக்கு எதைப் படிப்பது என்று பள்ளிக்கூடங்கள் திண்டாடின. 1900-ல் சில கல்லூரிகள் சேர்ந்து காலேஜ் போர்டு என்று ஒன்றைத் தொடங்கின. 1901 ஜூனில் முதல் பொதுப் பரீட்சை. எழுதியவர்கள் 973 பேர். நம்மூரில் ஒரு டியூஷன் சென்டரிலேயே அவ்வளவு பேர் இருப்பார்கள்.

அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். இரும்பு வியாபாரத்தில் கோடீஸ்வரரான ஆண்ட்ரு கார்னகி 1905-ல் கல்லூரிப் பேராசிரியர்களின் பென்ஷனுக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். பணத்தை வைத்திருந்த அறக்கட்டளைக்கு ஒரு சிக்கல். கல்லூரி என்று போர்டு மாட்டியவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியுமா? விதி போட்டார்கள். சேரும் மாணவன் உயர்நிலைப் பள்ளியில் 14 யூனிட் முடித்திருக்க வேண்டும் என்று கேட்கும் கல்லூரிக்குத்தான் பென்ஷன். ஒரு யூனிட் என்பது ஒரு பாடத்தை ஒரு வருடத்தில் 120 மணி நேரம் படிப்பது. பென்ஷன் வேண்டுமே! கல்லூரிகள் மடமடவென்று மாறின, அவற்றைப் பார்த்துப் பள்ளிகளும் மாறின. ஆலோசகரின் ஷீட்டில் நாலு வருடக் கணக்கு, மூன்று வருட சயன்ஸ் என்று இருந்ததே, அந்த எண்ணும் முறைக்கு வேர் இந்தப் பென்ஷன் விதிதான். பென்ஷன் சர்க்குலர்களோடு மல்லாடும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. (அந்த பென்ஷன் திட்டம் 1918-ல் தனி நிறுவனமானது, இன்றும் ஓடுகிறது.)

இதுவரை பாடம். பத்து கட்டம் எங்கிருந்து வந்தது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டில் பரீட்சை பாஸ் செய்தால் ஏறக்குறைய இடம் நிச்சயம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படித்து, பரீட்சையில் வெளுத்துக் கட்டினார்கள். 1900-ல் 7 சதவீதமாக இருந்தவர்கள் 1922-ல் 21 சதவீதத்தைத் தாண்டினார்கள். தலைவர் லாரன்ஸ் லோவலுக்குக் கவலை வந்துவிட்டது. இப்படியே போனால் பரம்பரைப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் வேறு இடம் பார்ப்பார்களே! 15 சதவீதத்தோடு நிறுத்துவோம் என்று வெளிப்படையாகவே பேசினார். பெரிய சண்டை. 1923-ல் ஆசிரியர் குழு ஒதுக்கீடு கூடாது என்று சொல்லிவிட்டது.

லோவல் விடவில்லை. வெளிப்படையாக முடியாததைப் படிவத்தில் செய்தார்கள். 1922 முதலே விண்ணப்பத்தில் புதுக் கேள்விகள். இனம், மதம், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், அப்பா பிறந்த ஊர். பிறந்த பிறகு உன் பெயரையோ உன் அப்பா பெயரையோ மாற்றியிருக்கிறீர்களா, விளக்கமாக எழுது என்று ஒன்று. நம் கே.ஒய்.சி. தோற்றது போங்கள். 1926-ல் முதல் வருடச் சேர்க்கை 1000 பேர் என்று கட்டுப்படுத்தி, மார்க்கோடு 'கேரக்டர்' பார்த்து எடுப்போம் என்றார்கள். புகைப்படமும் கேட்டார்கள். குணத்தை எதை வைத்து அளப்பது? விளையாட்டு, சங்கம், தலைமைப் பண்பு, தலைமையாசிரியர் கடிதம், நேர்முகம். 1925-ல் கால்வாசிக்கு மேல் இருந்த யூத மாணவர்கள் அடுத்த சில வருடங்களில் 15 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றார்கள். யேலும் பிரின்ஸ்டனும் இதே வழியில் போயின.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடன் கொடுப்பதில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் மூன்று 'சி'. கேரக்டர், கெபாசிடி, கேபிடல். மற்ற இரண்டுக்கும் கணக்கு உண்டு. முதலாவதுக்கு எழுதுபவர் பேனாதான். நான் புது ஆபீசராக இருந்தபோது ஒரு தையல்கடைக்காரர் விண்ணப்பம் வந்தது. கணக்கெல்லாம் சுத்தம். ஆனால் ஃபைல் திரும்பியது, கேரக்டர் திருப்தியில்லை என்ற ஒரு வரியோடு. அவர் எந்தத் தெருவில் குடியிருந்தார் என்பது கிளையில் எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் மேலதிகாரி. கீழே இனிஷியல் போட்டவன் நான்.

சரி, கதைக்கு வருவோம். எஸ்.ஏ.டி. தேர்வு முதலில் நடந்ததும் அதே 1926 ஜூனில்தான். உருவாக்கிய கார்ல் பிரிகம், இனத்துக்கு இனம் புத்தி வேறு என்று 1923-ல் புத்தகம் எழுதி, 1930-ல் தப்பு என்று தானே ஒப்புக்கொண்டவர். லோவலுக்கு அடுத்து வந்த கானன்ட், ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பையன்களைத் தேடி உதவித்தொகை கொடுக்க இந்தத் தேர்வைத்தான் கையில் எடுத்தார். கதவைத் திறந்தது மார்க்தான், ஆனால் 'கேரக்டர்' கட்டம் போகவே இல்லை.

பிற்பாடு அதே கட்டத்தை வைத்துத்தான் கறுப்பின மாணவர்களை உள்ளே கொண்டுவந்தார்கள். 1978 பாக்கி வழக்கில் உச்சநீதிமன்ற நீதிபதி பவல் ஹார்வர்ட் முறையை நல்ல முன்மாதிரி என்றே காட்டினார். முழுக்க வில்லன் என்று அந்த முறையை ஒதுக்க முடியாமல் போவது இங்கேதான். 2018-ல் ஆசிய மாணவர்கள் சார்பாக ஹார்வர்ட் மேல் விசாரணை நடந்தபோது உள்ளறைக் கோப்புகள் வெளியே வந்தன. 'பர்சனல் ரேட்டிங்' என்ற மதிப்பெண்ணில் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள் சராசரியாகப் பின்தங்கியிருந்தார்கள். பாரபட்சம் இல்லை என்று கீழ்க்கோர்ட்டுகள் சொல்லின. 2023-ல் உச்சநீதிமன்றம் இனத்தைப் பார்த்துச் சேர்ப்பதையே நிறுத்தியது. அந்தக் கோப்புகளை அலசிய பொருளாதார நிபுணர்கள் சொன்ன ஒரு கணக்கு: சேர்ந்த வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கு மேல் விளையாட்டு வீரர்கள், பழைய மாணவர் பிள்ளைகள், ஊழியர் பிள்ளைகள், கல்லூரித் தலைமை தனியாகக் குறித்துவைத்த பட்டியல்காரர்கள். 2019-ல் பிடிபட்ட மோசடியில் துடுப்பே பிடிக்காத பெண்களைப் படகு வீராங்கனை என்று போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். பத்து கட்டத்தையும் காசு கொடுத்தே நிரப்பலாம் என்பது அப்போது ஊருக்கே தெரிந்தது.

பணம் என்றதும் ஒன்று. உதவித்தொகை கேட்பதை வைத்து வெளிநாட்டு மாணவனை ஒதுக்காத இடங்கள் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. என்று ஒரு சிலதான். மற்ற பல இடங்களில் உதவி கேட்டாலே வாய்ப்பு குறையலாம். ஷீட்டில் இதற்குக் கட்டமே இல்லை. என்.ஜி.ஓ.வுக்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

போன ஞாயிறு இந்தக் கதை முழுவதையும் பெண்ணிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "பேர் மாத்தினியான்னு கேட்ட இடத்துல அந்தப் பசங்க என்னப்பா எழுதியிருப்பாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தையல்கடைக்காரரைப் பற்றி மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

படிவத்தில் ஒரு ஆக்டிவிடியை விவரிக்க 150 எழுத்துதான் இடம். ராத்திரி அவள் முதல் கட்டத்தில் வீணை என்று அடித்து, டீச்சர் பெயர், வாரம் எத்தனை மணி நேரம் என்று போட்டு, எண்ணிக்கொண்டிருந்தாள். ஆலோசகருக்கு இரண்டாவது தவணை வெள்ளிக்கிழமை கட்ட வேண்டும். இன்னும் செக் எழுதவில்லை.