கோள்மீன் கூட்டம்

2025 ஜனவரியில், ‘ஆறு கோள்கள் ஒரே நேர்கோட்டில்’ என்று பல தலைப்புகள் வந்தன. வானத்தில் கோடு எதுவும் இல்லை. மாலை ஏழு மணிவாக்கில் மேற்கே வெள்ளியும் சனியும் அருகருகே நின்றன. வியாழன் ரோகிணிப் பக்கம் நல்ல உயரத்தில். செவ்வாய் கிழக்கே, புனர்பூசத்துக்குப் பக்கத்தில். யுரேனஸும் நெப்டியூனும் வெறுங்கண்ணுக்கு எட்டவில்லை. கோள்கள் ஏறக்குறைய ஒரே தளத்தில் சூரியனைச் சுற்றுகின்றன. எப்போது பார்த்தாலும் சூரியன் போகும் பாதையை ஒட்டித்தான் தென்படும்.

நட்சத்திரங்களையும் கோள்களையும் பிரித்துச் சொல்லப் பழந்தமிழில் தெளிவான சொற்கள் இருந்தன. இடம் மாறாத நட்சத்திரம் நாள்மீன்; அவற்றினூடே நடமாடுவது கோள்மீன். கெடு ‘கேடு’ ஆவதுபோல, கொள் நீண்டு ‘கோள்’ ஆயிற்று. பற்றிக்கொள்வது என்று பொருள். வடமொழிக் ‘கிரக’த்தின் வேரும் பற்றுதலே. மன்றத்தில் திரண்டு பொருவோரை, நாள்மீன்களோடு கலந்த கோள்மீன்களுக்கு ஒப்பிடுகிறது பட்டினப்பாலை. வானத்தைப் பார்த்துப் பழகியவர் சொன்ன உவமை அது.

சனியைப் பரிபாடலின் 11ஆம் பாடல் ‘பங்கு’ என்கிறது. பங்கு என்றால் முடவன். ஒரு சுற்று முடிக்கச் சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டு. ஒரு ராசியைக் கடக்கவே இரண்டரை ஆண்டு. மூன்று ராசிக்குக் கணக்குப் போட்டால் நம் ஏழரைச் சனி! தலைமுறை தலைமுறையாக அண்ணாந்து பார்க்காமல் இப்படிப் பெயர் வைத்திருக்க முடியாது.

பிற்பாடு ‘பற்றுதல்’ என்ற பொருளே பீடிப்பாயிற்று. பார்க்கிற பொருள் பரிகாரத்துக்குரிய பொருளானது. 1962 பிப்ரவரியில் மகர ராசியில் நிகழ்ந்த அஷ்டகிரகச் சேர்க்கைக்கு நாடெங்கும் பயந்தார்கள், யாகங்கள் நடந்தன. கூடியவை ஐந்து கோள்கள், ஞாயிறு, திங்கள், உடலே இல்லாத கேது. எல்லாம் சூரியனை ஒட்டி நின்றதால், இரவு வானில் ஒன்றைக்கூடக் காண வழியில்லை.

இன்றைய நாளிதழ்ச் சொல் ‘அணிவகுப்பு’. வரிசை கட்டி வருவதுபோன்ற மயக்கம் அதில் இருந்தாலும் பயமுறுத்தவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். ‘நேர்கோட்டை’த்தான் கைவிட வேண்டும். கோள்கள் நெருங்கி நிற்கும்போது ‘கூட்டம்’ என்ற சொல்லே போதும். கண்ணால் காணக்கூடிய அப்படியொரு கூட்டம் 2040 செப்டம்பர் 8ஆம் தேதியை ஒட்டி வருகிறது. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தும் ஏறத்தாழ 10 பாகைக்குள், சூரியன் மறைந்த கையோடு மேற்கே தாழ்வாகத் தெரியும். பக்கத்திலேயே மூன்றாம் பிறை போன்ற இளம்பிறையும் இருக்கும்.