ஃபுல் சிக்னல் காட்டியும் நெட் ஏன் இழுக்குது? வைஃபையில் 2.4-ஆ, 5-ஆ? போனில் எதை தேர்வு செய்வது?

மாதாமாதம் 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு பணம் போகிறது. ஆனால் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 40-ஐ தாண்ட மாட்டேங்குது. கஸ்டமர் கேருக்கு அழைத்தால், "எங்க பக்கம் லைன் சரியாத்தான் இருக்கு சார்" என்ற பதில்தான் வருகிறது. ஆன்லைன் இன்டர்வியூ நடுவில் முகம் அப்படியே உறைந்து நிற்கும்போதும், போனின் மேல் மூலையில் வைஃபை குறி முழுசாகவே இருக்கிறது.

பல வீடுகளில் இதில் யாரும் பொய் சொல்வதில்லை. ஃபைபர் கேபிள் வழியாக ரவுட்டர் வரை 100 எம்பிபிஎஸ் வந்து சேர்ந்திருக்கும். ரவுட்டரில் இருந்து போனுக்கு வரும் அந்த கடைசி சில அடி தூரத்தில்தான் வேகம் தொலைகிறது. போன் எந்த அலைவரிசையில் இணைந்திருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸாக இருக்கும்.

5ஜி வேற, 5 கிகாஹெர்ட்ஸ் வேற

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்துவிடலாம். வைஃபை பட்டியலில் வீட்டு நெட்வொர்க்கின் பெயர் இரண்டு முறை தெரியும். ஒன்று வெறும் பெயர், இன்னொன்றின் கடைசியில் '5ஜி' என்று ஒட்டியிருக்கும். இதைப் பார்த்துவிட்டு "நம்ம போன் 4ஜி போன்தானே, அதுல கனெக்ட் ஆகாது" என்று தொடாமலே விடுபவர்கள் நிறைய பேர். 2022 அக்டோபரில் இந்தியாவில் அறிமுகமான 5ஜி என்பது மொபைல் சேவையின் ஐந்தாம் தலைமுறை. வைஃபை பெயரில் இருக்கும் 5ஜி, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் சுருக்கம். இரண்டுக்கும் தொடர்பே கிடையாது. சிம் கார்டே போடாத 4ஜி போனிலும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வசதி இருந்தால் தாராளமாக கனெக்ட் ஆகும்.

2.4-ல் ஏன் இவ்வளவு நெரிசல்?

2.4 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்லப்படுவது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, வெறும் 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு குறுகலான தெரு. இதில் 1 முதல் 13 வரை சேனல்கள் இருக்கின்றன. 13 இருக்கிறதே, போதாதா என்றால் போதாது. ஒரு சேனலுக்கும் அடுத்த சேனலுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒரு வைஃபை சிக்னல் குறைந்தபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆக, ஒன்றோடு ஒன்று மோதாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 என மூன்று சேனல்கள் மட்டுமே.

ஒரு அபார்ட்மென்ட்டில் மேலே, கீழே, எதிரே, பக்கத்தில் என இருபது ரவுட்டர்கள் இருந்தால், அத்தனையும் இந்த மூன்று சேனல்களுக்குள் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். வைஃபையின் குணமே 'ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திரு' என்பது. பக்கத்து வீட்டு டிவியில் படம் ஓடினால், அதே சேனலில் இருக்கும் உங்கள் போன் தன் முறைக்காக காத்திருக்கும். சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தும் நெட் இழுப்பதற்கு இதுதான் காரணம். அந்த கோடுகள் ரவுட்டரின் சத்தம் எவ்வளவு பலமாக கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். அங்கே எத்தனை பேர் கூச்சல் போடுகிறார்கள் என்பதை காட்டாது.

போட்டிக்கு வைஃபை மட்டும் இல்லை. ப்ளூடூத் இயர்போன், வயர்லெஸ் மவுஸ் எல்லாம் இதே இடத்தில்தான் இயங்குகின்றன. மைக்ரோவேவ் அவன் வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸில். சமையலறையில் சாப்பாடு சூடாகும் இரண்டு நிமிஷம் மட்டும் வீடியோ கால் விட்டு விட்டு வந்தால், சந்தேகம் அவன் மேல்தான் போக வேண்டும். அதிகம் பேருக்கு தெரியாத இன்னொன்று: ரவுட்டரில் அல்லது அதன் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பில் செருகப்பட்ட யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்கும் இந்த அலைவரிசையில் இரைச்சலை கிளப்பும்.

வேகக் கணக்கும் பார்த்துவிடலாம். 2.4-ல் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில், ஒரே ஆன்டெனா கொண்ட சாதாரண வைஃபை 4 போனுக்கு கிடைக்கும் அதிகபட்ச லிங்க் ஸ்பீடு 72 எம்பிபிஎஸ். லிங்க் ஸ்பீடு என்பது ஏட்டுக் கணக்கு. கையில் கிடைப்பது அதில் பாதிக்கு கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான். 100 எம்பிபிஎஸ் பிளானில் 40 மட்டும் வரும் மர்மம் இங்கேதான் இருக்கிறது. அதே போன் 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் வைஃபை 5 மூலம் இணைந்தால் லிங்க் ஸ்பீடு 433 எம்பிபிஎஸ். இரண்டு ஆன்டெனா இருந்தால் 866. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வைஃபை 5 என்ற தரமே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் உருவாக்கப்பட்டது. அதனால் பாக்ஸில் 'வைஃபை 5' என்று போட்ட போன் 2.4-ல் இணையும்போது, 2009-ல் வந்த வைஃபை 4 தரத்துக்கு இறங்கித்தான் ஓடும்.

அப்போ எல்லாரும் 5-க்கு மாறிடலாமா?

அவசரப்பட வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018 அக்டோபரில் மத்திய அரசு இந்த அலைவரிசையில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த திறந்துவிட்டது. 2.4-ன் 83.5-ஓடு ஒப்பிட்டால் ஏழு மடங்குக்கும் மேல். ஆனால் அதிர்வெண் கூடக்கூட அலை போகும் தூரம் குறையும். நடுவில் எந்த தடையும் இல்லாத வெட்டவெளியிலேயே, ஒரே தூரத்தில் 5 கிகாஹெர்ட்ஸில் போன் பிடிக்கும் சிக்னல் 2.4-ஐ விட நான்கைந்து மடங்கு பலம் குறைவாக இருக்கும். சுவர் வந்தால் இன்னும் மோசம்.

நம்ம ஊர் வீடுகளில் இது பெரிய விஷயம். 9 அங்குல செங்கல் சுவர், உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட் தளம், சுவரை ஒட்டி ஸ்டீல் பீரோ, அதில் பதித்த ஆளுயர கண்ணாடி. இதில் பீரோவும் கண்ணாடியும் அலையை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பும். ஹாலில் டிவிக்கு பின்னால் ரவுட்டரை வைத்துவிட்டு, இரண்டு சுவர் தாண்டிய படுக்கையறையில் 5 கிகாஹெர்ட்ஸை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மாடி வீட்டுக்கும் அதே கதை. அங்கெல்லாம் வேகம் குறைவென்றாலும் 2.4-தான் கை கொடுக்கும்.

இன்னொரு சின்ன தொல்லையும் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸின் நடுப்பகுதி சேனல்களை, அதாவது 52 முதல் 144 வரை உள்ளவற்றை, வானிலை ரேடார் போன்றவையும் பயன்படுத்துகின்றன. ரேடார் சிக்னல் தென்பட்டால் ரவுட்டர் உடனே அந்த சேனலை காலி செய்துவிட்டு வேறு சேனலுக்கு ஓட வேண்டும் என்பது விதி. காரணமே தெரியாமல் 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் திடீரென மறைந்து, ஒரு நிமிஷம் கழித்து திரும்ப வந்தால், ரவுட்டர் செட்டிங்ஸில் சேனலை 36 முதல் 48-க்குள் அல்லது 149-க்கு மேல் வைத்துப் பார்க்கலாம்.

போன் இப்போ எதுல இருக்கு? எப்படி பார்ப்பது?

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், வைஃபையில் கனெக்ட் ஆகியிருக்கும் நெட்வொர்க்கின் பக்கத்தில் உள்ள பற்சக்கர குறியை தொட்டால், பெரும்பாலான போன்களில் ஃப்ரீக்வென்ஸி, லிங்க் ஸ்பீடு இரண்டும் தெரியும். சில மாடல்களில் இன்னும் கீழே 'வியூ மோர்' அழுத்த வேண்டியிருக்கும். ஐபோன் செட்டிங்ஸில் 2.4-ஆ, 5-ஆ என்று நேரடியாக காட்டாது. ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி செயலியை இறக்கி, ஐபோன் செட்டிங்ஸில் அந்த செயலிக்கான பகுதியில் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்தால், சுற்றியுள்ள நெட்வொர்க்குகளின் சேனல் எண்கள் வரும். 1 முதல் 13-க்குள் இருந்தால் 2.4, 36-ம் அதற்கு மேலும் என்றால் 5.

ஆண்ட்ராய்டில் 'வைஃபை அனலைசர்' வகை செயலிகளும் இதை செய்யும். அவை லொகேஷன் அனுமதி கேட்டால் பயந்துவிட வேண்டாம். சுற்றியுள்ள ரவுட்டர்களை வைத்தே ஒருவர் இருக்கும் இடத்தை கண்டுபிடித்துவிட முடியும் என்பதால், வைஃபை ஸ்கேன் செய்யவே லொகேஷன் அனுமதி வேண்டும் என்று ஆண்ட்ராய்டு கட்டாயமாக்கியிருக்கிறது.

இந்த செயலிகளில் சிக்னல் மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 65, 67 வரை வீடியோ கால் தாங்கும். மைனஸ் 80-ஐ நெருங்கினால் வாட்ஸ்அப் மெசேஜ் போவதே பெரிய விஷயம். படுக்கும் இடம், படிக்கும் மேஜை என வழக்கமாக போன் பயன்படுத்தும் இடங்களில் நின்று 5 கிகாஹெர்ட்ஸின் எண்ணை பாருங்கள். மைனஸ் 70-க்குள் இருந்தால் அங்கே 5-ஐ நம்பி இருக்கலாம். கோடு குறைவாக தெரிந்தாலும் பரவாயில்லை. இரண்டு கோடு 5 கிகாஹெர்ட்ஸ், நெரிசலில் மாட்டிய நான்கு கோடு 2.4-ஐ விட பல வீடுகளில் வேகமாகவே இருக்கும்.

தேர்வு செய்வது எப்படி?

பழைய ஆண்ட்ராய்டு போன்களில் வைஃபை அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் '5 மட்டும்', '2.4 மட்டும்', 'ஆட்டோ' என்று தேர்வு செய்யும் வசதி இருந்தது. புது போன்கள் பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், எதில் சேருவது என்று போனே முடிவெடுக்கும். நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு இது வசதி. ஆனால் மொட்டை மாடிக்கு போய் 2.4-க்கு மாறிய போன், கீழே ரவுட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவதுண்டு. வைஃபையை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும், பெரும்பாலும் சரியாகிவிடும்.

தினமும் இதே தொல்லை என்றால், ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் 'ஸ்மார்ட் கனெக்ட்' அல்லது 'பேண்ட் ஸ்டியரிங்' என்பதை ஆஃப் செய்து, இரண்டுக்கும் தனித்தனி பெயர் வைத்துவிடலாம். பிறகு போனில் 5-ஐ மட்டும் சேமித்துவிட்டு, 2.4-ஐ 'ஃபர்கெட்' செய்துவிட வேண்டும். 2.4-ஐ ரவுட்டரிலேயே மொத்தமாக அணைப்பது மட்டும் வேண்டாம். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக், விலை குறைந்த சிசிடிவி கேமரா போன்றவற்றில் பெரும்பாலானவை 2.4-ல் மட்டுமே இயங்கும். புது பல்பு வாங்கி மணிக்கணக்கில் கனெக்ட் ஆகாமல் திணறினால், அந்த நேரத்துக்கு மட்டும் போனை 2.4-க்கு மாற்றிவிட்டு முயற்சி செய்தால் பல சமயம் உடனே வேலை முடியும்.

ஹாட்ஸ்பாட்டிலும் இதே விஷயம் வரும். பழைய லேப்டாப்புக்கு போனின் ஹாட்ஸ்பாட் பெயரே தெரியவில்லை என்றால், போன் 5-ல் ஒளிபரப்புகிறது, லேப்டாப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும் என்று அர்த்தம். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் பேண்டை மாற்றலாம். ஐபோன் 12 முதலான மாடல்களில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதை ஆன் செய்தால் 2.4-க்கு வந்துவிடும்.

புது ரவுட்டர் வாங்கும் முன்

ஆன்லைனில் 'ஏசி1200' என்று போட்டிருப்பதை பார்த்து 1200 எம்பிபிஎஸ் வரும் என நினைக்க வேண்டாம். 2.4-ன் 300-ஐயும் 5-ன் 867-ஐயும் கூட்டி, முழு எண்ணாக்கிய விற்பனைக் கணக்கு அது. ஒரு போன் ஒரு நேரத்தில் பொதுவாக ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். 'என்300' என்று மட்டும் இருந்தால் அதில் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது. பிராட்பேண்ட் கனெக்‌ஷனோடு இலவசமாக வந்த பழைய பெட்டிகளிலும் இதை பார்க்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் போனில் எதை மாற்றியும் பலன் இல்லை, டூயல் பேண்ட் ரவுட்டர்தான் வேண்டும்.

6 கிகாஹெர்ட்ஸ் என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. வைஃபை 6இ, வைஃபை 7 சாதனங்கள் பயன்படுத்துவது. அமெரிக்கா 2020 ஏப்ரலிலேயே 1200 மெகாஹெர்ட்ஸை இதற்கு திறந்துவிட்டது. இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமமின்றி பயன்படுத்துவதற்கான வரைவு விதிகளை 2025 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்டது. சுவரை தாண்டுவதில் இது 5-ஐ விடவும் பலவீனம். ரவுட்டர், போன் இரண்டிலும் இந்த வசதி இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால், இதற்காக கூடுதல் பணம் கொடுக்கும் முன் கையில் இருக்கும் போனின் வைஃபை விவரத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.